தமிழ் சைட்டை இங்கிலீஷ்ல டிசைன் பண்ணி நான் பட்ட பாடு

போன வருஷம் நாச்சியார்கோவில்ல குத்துவிளக்கு பட்டறை வச்சிருக்கிற ஒரு அண்ணனுக்கு சைட் பண்ணிக் கொடுத்தேன். நாச்சியார்கோவில் விளக்கு தெரியும்ல, உச்சியில அன்னம் உக்காந்திருக்கும், புவிசார் குறியீடு கூட வாங்கின சாமான். அண்ணனுக்கு பெரிய ஆசையெல்லாம் இல்ல, விளக்கு படம் இருக்கணும், உயரம் எடை இருக்கணும், ஆளுங்க வாட்ஸப்ல விலை கேக்கணும், அவ்வளவுதான். தமிழ்ல இருக்கட்டும் தம்பி, இங்கிலீஷ் அப்புறம் பாத்துக்கலாம்னு முதல்லயே சொல்லிட்டாரு.

நான் என்ன பண்ணேன்னா வழக்கம் போல ஃபிக்மாவ (சைட் டிசைன் பண்ற டூல்) தொறந்து லோரம் இப்சம்னு இங்கிலீஷ் எழுத்துல இருக்கிற டம்மி வாசகத்தை போட்டு அழகா ஒரு டிசைன் பண்ணி, அதை அப்படியே கோட் பண்ணி, கடைசி நாள் ராத்திரி உக்காந்து இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எடுத்துட்டு தமிழை ஒட்டினேன். என் லேப்டாப்ல பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் பட்டறைக்கு போய் பெருமையா லிங்க்க அனுப்பினேன். அண்ணன் வாசல்ல வெயில்ல நின்னுக்கிட்டு, ஸ்க்ரீன்ல கீறல் விழுந்த அவரோட பழைய ஆண்ட்ராய்டுல தொறந்தாரு. அடுத்த பத்து நிமிஷம் நடந்ததுதான் இந்த போஸ்ட்.

முதல்ல ஒண்ணும் தெரியல, அதாவது நிஜமாவே கண்ணுக்கு தெரியல. பித்தளை வியாபாரம்னு சந்தனக் கலர் பேக்ரவுண்ட்ல தங்க கலர் எழுத்து போட்டிருந்தேன், வெயில்ல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. டபிள்யுசிஏஜி விதிப்படி (சைட்டை எல்லாரும் படிக்க முடியணும்னு போட்ட விதிமுறை) சாதா எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் 4.5:1 இருக்கணும், பெரிய எழுத்துன்னா 3:1 போதும். இது எனக்கு தெரியாம இல்ல, பாக்கல, அவ்வளவுதான். க்ரோமுக்குள்ளயே சைட்டை சோதிக்க இருக்கிற டெவ் டூல்ஸ்ல எழுத்தோட கலர் கட்டத்தை க்ளிக் பண்ணாலே அந்த நம்பர் வந்துரும். இப்ப எழுத்து கரும்பழுப்பு, தங்கம் வெறும் பார்டருக்கு மட்டும்.

நிழலுக்கு வந்து பாத்தா அடுத்தது. "தம்பி, என்ன வரி மேல வரி ஏறி நிக்குது?" தலைப்பு மொபைல்ல ரெண்டு வரியா உடைஞ்சிருந்துச்சு, கீழ் வரியில இருக்கிற 'வி'யோட கொண்டை மேல் வரி 'து'வோட வால்ல இடிக்குது, போதாக்குறைக்கு நான் அந்த பாக்ஸுக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (பாக்ஸுக்கு வெளிய போறதை மறைச்சுரும்) வேற குடுத்திருந்ததால மேல் வரியில கொண்டையே வெட்டுப்பட்டு 'வி'யா 'வ'வான்னு தெரியல. காரணம் லைன் ஹைட், அதாவது எழுத்து சைஸுக்கு எத்தனை மடங்கு வரி உயரம்ங்கிறது, 1.1. இங்கிலீஷ் தலைப்புக்கு அது கச்சிதமா இருக்கும், எல்லா டெம்ப்ளேட்டும் அப்படித்தான் வரும். தமிழுக்கு மேலயும் போகணும் கீழயும் போகணும், அதனால நான் இப்ப தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.7ன்னு வச்சிருக்கேன். நம்பர மட்டும் குடுங்க, பிக்சல்னு யூனிட் போடாதீங்க. போட்டா உள்ள இருக்கிற எலிமென்ட்டுக்கும் அதே பிக்சல் போயி ஒட்டிக்கும், எழுத்து பெருசானாலும் வரி இடைவெளி பெருசாகாது.

பத்தியை ஜஸ்டிஃபை பண்ணியிருந்தேன், அதாவது ரெண்டு ஓரமும் நேரா நிக்கிற மாதிரி, பத்திரிகை மாதிரி இருக்கட்டும்னு. தமிழ் வார்த்தை நீளம், மொபைல் வரியில மூணு வார்த்தைதான் நிக்கும், அந்த மூணுக்கு நடுவுல பல்லு விழுந்த மாதிரி ஓட்டை. எடுத்து கடாசிட்டேன். அப்படியே நீளமான வார்த்தை ஒண்ணு பேஜையே சைடுல இழுத்துக்கிட்டு போகாம இருக்க ஓவர்ஃப்ளோ ராப் எனிவேர்னு பாடிக்கே (மொத்த பேஜுக்கும்) ஒரு வரி போட்டு வச்சிருங்க.

பட்டன் கதை தனி. இங்கிலீஷ்ல சப்மிட்டுன்னு இருந்தப்ப 120 பிக்சல் அகலத்துல சமத்தா உக்காந்திருந்துச்சு. 'சமர்ப்பிக்கவும்'னு போட்டதும் 'வும்' வெளிய தொங்குது. அகலத்தை ஃபிக்ஸ் பண்ணாம ரெண்டு பக்கமும் பேடிங் (உள் இடைவெளி) மட்டும் குடுத்தா எந்த மொழின்னாலும் பட்டன் தானா விரிஞ்சுக்கும், இது சின்ன விஷயம். பெரிய விஷயம் அந்த வார்த்தை. தாலுகா ஆபீஸ் ஃபாரம் மாதிரி எதுக்கு சமர்ப்பிக்கணும்னு 'அனுப்பு'ன்னு சுருக்கினேன். அண்ணன் பாத்துட்டு, "கடைக்கு வர்றவங்கள அனுப்புன்னு ஏவுறது மரியாதையா இருக்காதே தம்பி"ன்னாரு. கடைசியில 'விலை கேளுங்க'ன்னு ஆச்சு. தட்டினா வாட்ஸப் தொறந்து எந்த விளக்குன்னு முன்னாடியே டைப் ஆகி நிக்கும், அதுக்கு வாட்ஸப்போட க்ளிக் டு சாட் லிங்க்கே போதும், ப்ளகின் எதுவும் வேணாம். ஃபாரம்னு ஒண்ணு இருந்ததையே தூக்கிட்டேன். (ஃபாரம் வச்சிருக்கிறவங்க இன்புட்டோட எழுத்தை 16 பிக்சலுக்கு கீழ வைக்காதீங்க, ஐஃபோன்ல தொட்டவுடனே ஸ்க்ரீன் ஜூம் ஆகி நிக்கும்.)

இப்ப மானம் போன இடத்துக்கு வரேன். பேனர்ல 'தெய்வீக ஒளி'ன்னு ஒவ்வொரு எழுத்தா குதிச்சு குதிச்சு வர்ற ஒரு அனிமேஷன், ஏதோ டெம்ப்ளேட்லேர்ந்து எடுத்தது. வந்தது என்னன்னா ஒரு 'த', பக்கத்துல ஒரு புள்ளி வட்டம் அதுல ஒரு கொம்பு, அப்புறம் 'ய', அப்புறம் இன்னொரு புள்ளி வட்டம். பட்டறையில வேலை பாத்துக்கிட்டிருந்த பெரியவர் எட்டிப் பாத்து "இது என்ன மலையாளமா?"ன்னு கேட்டாரு.

என்ன நடந்துச்சுன்னா, ஜாவாஸ்க்ரிப்ட்டுக்கு (ப்ரௌசர்ல ஓடுற ப்ரோக்ராம் மொழி) 'தமிழ்' மூணு எழுத்து இல்ல, அஞ்சு. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்கிற யூனிகோட்ல தமிழுக்கு ஒதுக்கின 128 இடத்துல 72ல தான் ஏதாவது இருக்கு, அதுக்குள்ளதான் 247ம் கிரந்தமும் எண்ணும் எல்லாம் அடங்கணும், அதனால உயிர்மெய்யெல்லாம் தனித்தனி துண்டா வச்சு ஒட்டுறதுதான் ஏற்பாடு. அந்த ஸ்க்ரிப்ட் துண்டையெல்லாம் பிரிச்சு ஆளுக்கொரு பாக்ஸ்ல போட்டுருச்சு, தனியா விட்ட குறி பாவம் புள்ளி வட்டத்தை புடிச்சுக்கிட்டு நிக்குது. இன்ட்ல் செக்மென்ட்டர்னு ப்ரௌசர்லயே ஒண்ணு இருக்கு, அதுல பிரிச்சா 'தமிழ்' ஒழுங்கா த, மி, ழ்னு மூணா வரும். ஃபயர்ஃபாக்ஸ்ல மட்டும் 2024லதான் வந்துச்சு, இப்ப எல்லாத்துலயும் உண்டு. பேர் பெட்டியில இத்தனை எழுத்துக்கு மேல கூடாதுன்னு கணக்கு வைக்கிறவங்க, 'மேலும் படிக்க' போட 100வது எழுத்துல வெட்டுறவங்க, எல்லாருக்கும் இதே வியாதிதான். அனிமேஷனை நான் சரி பண்ணல, தூக்கிட்டேன். விளக்கு சும்மா நின்னாலே அழகுதான்.

ஃபான்ட் விஷயத்துல நான் ரொம்ப நாள் தப்பா நினைச்சுக்கிட்டு இருந்தேன். கூகிள் ஃபான்ட்ஸ்லேர்ந்து எடுத்தா வேற சைட்டுல ஏற்கனவே டவுன்லோட் ஆனது கேஷ்ல (ப்ரௌசர் சேத்து வைக்கிற இடம்) இருக்கும், நமக்கு ஃப்ரீயா கிடைக்கும்னு. க்ரோம் 2020ல 86வது வெர்ஷன்லயே கேஷை சைட்டுக்கு சைட் பிரிச்சுருச்சு, அந்த லாபம் எப்பவோ போச்சு. நான் நாலு வெயிட் இழுத்து விட்டிருந்தேன், மெல்லிசுலேர்ந்து தடிமன் வரைக்கும், யூஸ் பண்ணது ரெண்டு. இன்னொரு பக்கம், ரெகுலர் மட்டும் எடுத்துட்டு போல்ட் குடுக்கிற ஆளுங்களும் இருக்காங்க, அப்ப ப்ரௌசரே எழுத்தை இழுத்து தடிமனாக்கும், புள்ளியெல்லாம் எழுத்தோட ஒட்டி ஈரத்துல அச்சடிச்ச கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆயிடும். தமிழுக்கு இட்டாலிக் கேக்கவே வேணாம், சும்மா சாய்ச்சு வைக்கும்.

ஆண்ட்ராய்டுல பொதுவா நோட்டோ தமிழ் இருக்கு, விண்டோஸ்ல 8லேர்ந்து நிர்மலா யூஐ இருக்கு, ஐஃபோன்ல தமிழ் சங்கம் எம்என் இருக்கு. அந்த எம்என் யாருன்னா மலேசியாவுல இருக்கிற முத்து நெடுமாறன், தமிழ்ல டைப் பண்ற முரசு அஞ்சல் சாஃப்ட்வேர் பண்ணவரு. உலகத்துல ஒவ்வொரு ஐஃபோன்லயும் ஒரு தமிழர் பேரோட முதலெழுத்து இருக்குன்னு நினைச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரி இருக்கும். சரி, விஷயத்துக்கு வரேன். பத்திக்கெல்லாம் போன்ல இருக்கிற ஃபான்ட்டே போதும்னு விட்டுட்டேன், தலைப்புக்கு மட்டும் முக்தா மலர் போல்ட், ஒரே ஒரு வோஃப்2 (சுருக்கின ஃபான்ட்) ஃபைல், நம்ம சர்வர்லயே வச்சு ஃபான்ட் டிஸ்ப்ளே ஸ்வாப் (அது வர்ற வரைக்கும் போன் ஃபான்ட்லயே எழுத்தை காட்டும்) குடுத்தாச்சு. அதுலயும் ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். தலைப்புல வர்ற எழுத்துக்கு மட்டும் ஃபான்ட்டை வெட்டி சின்னதாக்கினேன், ஃபைல் துளியூண்டு ஆச்சு, ஆனந்தம். ஆயுத பூஜைக்கு அண்ணன் தலைப்பை மாத்தச் சொன்னாரு, 'பூ'வும் 'ஜை'யும் மட்டும் வேற ஃபான்ட்ல வந்து நின்னுச்சு. சுருக்குறதுன்னா இங்கிலீஷ் பகுதியை எடுங்க, தமிழ் பகுதியை முழுசா விட்டுருங்க.

படங்களைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, சுருக்கமா சொல்லிடறேன். போன்ல எடுத்த போட்டோ 4000 பிக்சல் அகலம், ஒவ்வொண்ணும் நாலஞ்சு எம்பி, அதை 360 பிக்சல் அகல ஸ்க்ரீனுக்கு அனுப்பிக்கிட்டு இருந்தேன். ஸ்க்வூஷ்னு ப்ரௌசர்லயே ஓடுற டூல் ஒண்ணு இருக்கு, அதுல 800 அகலத்துக்கு சுருக்கி வெப்பியா (ஃபைல் சைஸ் சின்னதா இருக்கிற பட ஃபார்மட்) மாத்தினா கண்ணுக்கு வித்தியாசமே தெரியாம நூறு கேபிக்குள்ள வந்துரும். இமேஜ் டேக்ல அகலம் உயரம் ரெண்டும் எழுதிடுங்க, இல்லன்னா படம் வந்து விழும்போது கீழ இருக்கிறதெல்லாம் எகிறும், 'விலை கேளுங்க'வ தட்டப் போன விரல் வேற எங்கயோ படும். லேஸி லோடிங் (ஸ்க்ரோல் பண்ணி கிட்ட வந்தப்புறம் படத்தை இறக்குறது) கீழ இருக்கிற படத்துக்கு மட்டும், முதல் படத்துக்கு போட்டீங்கன்னா அதுவே லேட் ஆகும். கூகிள் நல்லதுன்னு சொல்ற கணக்கு என்னன்னா பெரிய படமோ எழுத்தோ 2.5 செகண்டுக்குள்ள வரணும், பேஜ் எகிறுற ஸ்கோர் 0.1க்குள்ள இருக்கணும், தட்டினா 200 மில்லி செகண்டுக்குள்ள ஏதாவது அசையணும். க்ரோம்ல இருக்கிற லைட்ஹவுஸ் டெஸ்ட்ல பாக்கலாம், ஆனா நான் டெவ் டூல்ஸ்ல நெட்வொர்க்கை ஸ்லோவா வச்சு வேடிக்கை பாக்கிறதைத்தான் நம்புவேன், அந்த வெள்ளை ஸ்க்ரீனை பாத்துக்கிட்டு உக்காந்தா தானா புத்தி வரும்.

கடைசியா சைட்டுக்குள்ள தேடல். இதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அண்ணன் கடை பேர் 'ஸ்ரீ'ல ஆரம்பிக்கும். அவரு டைப் பண்ணி தேடினா கிடைக்குது, அவரு பையன் போன்ல தேடினா இல்லங்குது. அரை நாள் போச்சு. 'ஸ்ரீ'யை ஸகரம் வச்சும் எழுதலாம், 2005ல யூனிகோட்ல சேத்த ஶகரம் வச்சும் எழுதலாம், பாக்க ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. அதே மாதிரி 'கொ'வை ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பும் காலுமா ரெண்டு குறியாவும் எழுதலாம். இந்த ரெண்டாவது கேஸை நார்மலைஸ்னு ஒரு ஃபங்ஷன் கூப்பிட்டா ப்ரௌசரே ஒண்ணாக்கிரும், 'ஸ்ரீ'யை ஆக்காது, நாமளே கையால மாத்திக்கணும். அப்புறம் 'கௌரி'யை 'கெளரி'ன்னு ளகரம் போட்டு அடிக்கிறவங்க, அவங்க நம்மள்ல பாதிப் பேரு. தேடுற வார்த்தையையும் லிஸ்ட்ல இருக்கிற பேரையும் ஒரே சல்லடையில போட்டு சலிச்சுட்டு அப்புறம் ஒப்பிடுங்க. விளக்கு விவரமெல்லாம் டிடிபி கடையில பழைய எழுத்துருவுல அடிச்சு வச்சிருந்தது வேற, ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டுச்சு, என்எச்எம் கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடாக்கி எடுத்தேன்.

இப்ப புதுசா எந்த சைட் ஆரம்பிச்சாலும் ஃபிக்மாவுல முதல் பெட்டியிலயே 'குத்துவிளக்கு விற்பனைக்கூடத்திற்குத் தங்களை வரவேற்கிறோம்'னு ஒட்டிட்டுத்தான் அடுத்த வேலை. அதுல கொண்டை, வால், நீளம் எல்லாம் இருக்கு, அது தாங்குச்சுன்னா எதையும் தாங்கும்.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டாரு, விளக்கு சுத்தி சுத்தி வர்ற மாதிரி 360 டிகிரி போடலாமா தம்பின்னு. இருக்கிற போட்டோவுல பாதியில என் மூஞ்சிதான் பித்தளையில தெரியுது, முதல்ல அதை மாத்துவோம்ணேன்னு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை வரேன், புளி போட்டு தேய்ச்சு வைக்கச் சொல்லுங்கன்னிருக்கேன்.