ஏதோ பிரச்சினையாமே?

"போன கம்பெனில ஏதோ பிரச்சினையாமே?"

காலையில் டீக்கடையில் பக்கத்தில் நின்ற தம்பியின் ஸ்பீக்கர் போனில் கேட்டது. பேசியது அவர் வேலைக்கு முயன்ற புதுக் கம்பெனி ஹெச்ஆர். பழைய சகா யாரோ அங்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். தம்பி "அப்படியெல்லாம் இல்ல மேடம்" என்று மூன்று தடவை சொன்னார்.

அந்த "ஏதோ"தான் விஷம். திருடினான் என்றால் மறுக்கலாம். "ஏதோ"வை எப்படி மறுப்பது?

திருப்பிக் கேட்க வேண்டும். "என்ன பிரச்சினைன்னு சொன்னாங்க மேடம்? மெயில்ல அனுப்புங்க, ஆதாரத்தோட பதில் தர்றேன்." சொன்னவர் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். ரிலீவிங் லெட்டர், கடைசி அப்ரைசல், பழைய கம்பெனியில் உங்கள் நேரடி மேலாளர் சம்மதித்துத் தந்த போன் நம்பர், இந்த மூன்றையும் அன்றே அனுப்பிவிடுங்கள். பழைய சகாவின் பேச்சை விட மேலாளர் சொல்லுக்கு எடை அதிகம்.

லிங்க்ட்இனில் பதிலுக்குக் கொட்டுவது வேண்டவே வேண்டாம்.

அந்தச் சகா உங்களைப் பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. சாட்டை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்கான பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள்.

இப்படிப் பேர் கெடுப்பது அவதூறு, பழைய ஐபிசிக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார்தான். நஷ்டஈட்டு வழக்குக்கு ஒரே வருடம்தான் கெடு. நல்லெண்ணத்தில் சொன்னதாக அந்தச் சகா தப்பிக்கப் பார்ப்பார், சட்டத்தில் அந்த விலக்கு உண்டு.

அதற்கு முன் வக்கீல் நோட்டீஸ். பல வாய்கள் அங்கேயே அடங்கும். ஆனால் அதில் "என்னை அவமானப்படுத்தினார்" என்று மொட்டையாக எழுதினால் பிரயோஜனமில்லை. எந்தத் தேதி, யாரிடம், என்ன வார்த்தை என்று இருக்க வேண்டும்.