யோஹானஸ்காஸ தெருவில் ஒரு அலுவலக அறை

வியன்னாவின் ஃபோல்க்ஸ்கார்டன் பூங்காவுக்கு நான் போனது ரோஜா பார்க்கத்தான். ஜூன் மாதம். செடிக்குச் செடி யாரோ யாருக்கோ எழுதி வைத்த சின்னச் சின்னத் தகடுகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், பூங்காவின் ஓரத்தில் வெள்ளைப் பளிங்கில் ஒருவர் தலை தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறார். பிரான்ஸ் கிரில்பார்ட்சர். கவிஞர், நாடக ஆசிரியர். 1791-ல் இதே ஊரில் பிறந்தவர். 1889-ல் வைத்த சிலை. இருபுறச் சுவரிலும் சாஃபோ, மெடியா, மன்னர் ஓட்டோகர் என்று அவருடைய நாடகக் காட்சிகளைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கடைசிவரை கைதட்டல் வாங்கியவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் யோஹானஸ்காஸ 6-ஆம் எண் கட்டடத்துக்குப் போனபோதுதான் அந்த நினைப்பு மாறியது. ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆஸ்திரியப் பேரரசின் கஜானா ஆவணங்களைக் காத்த இடம் அது. 2015 முதல் இலக்கிய அருங்காட்சியகம். கோப்புகள் அடுக்கிய பழைய மர அலமாரிகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. இப்போது அந்த இடுக்குகளில் எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளையும் புத்தகங்களையும் பார்க்கலாம். கிரில்பார்ட்சர் 1832 முதல் 1856 வரை அந்தக் காப்பகத்தின் இயக்குநர். அவருடைய அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

வாசலிலேயே வெகுநேரம் நின்றேன். இருக்கிற பொருள்கள் கொஞ்சம்தான். ஆபீஸ் மேசை என்றால் எந்த ஊரிலும் ஆபீஸ் மேசைதான். நாடகக்காரர் ஒருவர் இங்கே தினமும் வந்து உட்கார்ந்தார் என்பதுதான் என்னை நகரவிடவில்லை.

1838-ல் புர்க் தியேட்டரில் அவருடைய நகைச்சுவை நாடகம் ஒன்று அரங்கேறியது. பொய்யே சொல்லாமல், பிஷப் ஒருவரின் உடன்பிறப்பின் மகனைச் சிறைமீட்டுவரக் கிளம்பும் சமையல்காரப் பையனின் கதை. எவ்வளவு அழகான கரு! பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. நாடகம் விழுந்துவிட்டது. அதோடு புதிய நாடகம் எதையும் மேடைக்குக் கொடுப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 47.

ஆனால் எழுத்தை விடவில்லை. பகலில் கோப்பு, மற்ற நேரத்தில், யாருக்கும் காட்டாமல், நாடகம். சிலைக்கு முன்னால் நின்றபோது வராத மரியாதை எனக்கு இந்த அறையில் வந்தது. பீத்தோவனின் இறுதிச் சடங்குக்கு உரை எழுதிக் கொடுத்த கை அது.

அப்புறம் ஷ்பீகல்காஸ தெருவுக்கு நடந்தேன். 1872 ஜனவரியில் அவர் இறந்தது அங்கேதான். அவர் விட்டுப்போன தாள்களில் மூன்று நாடகங்கள் முழுசாக இருந்தன. அவற்றில் இரண்டு அந்த வருடமே மேடையேறிவிட்டன.