டிரெய்லரோடு சேர்த்து ஒரு பாய்மரப் படகை விற்ற கதை

மிச்சிகன் மாநிலத்தின் செயின்ட் கிளேர் ஏரியில் பல கோடைக்காலங்கள் ஓட்டிய, ஏறத்தாழ 22 அடி நீளமுள்ள எங்கள் கேட்டலினா 22 பாய்மரப் படகை, சென்ற வசந்தத்தில் டிரெய்லரோடு சேர்த்து விற்றோம். 1969இல் சந்தைக்கு வந்த இந்த வகைப் படகுகள் 15,000க்கும் மேல் கட்டப்பட்டிருப்பதால், வாங்க வருகிறவரின் கைப்பேசியில் இதே போன்ற வேறு படகுகளின் விலைகளும் தயாராக இருக்கும். எங்களுடையது 1987ஆம் ஆண்டுப் படகு என்பதையும், அதற்கு மிகையான விலை யாரும் தர மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டுதான் விளம்பரம் எழுதினேன்.

படகில் சாதனங்களுக்குக் குறைவில்லை. முன்பாயைச் சுருட்டும் ரோலர் ஃபர்லர், பெரிய ஜெனோவா பாய், நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், சுக்கானைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோபைலட், விஎச்எஃப் ரேடியோ, ஆழமானி, சோலார் பலகை, இரண்டு நங்கூரங்கள் என்று ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்ந்திருந்தன. இவற்றுக்குச் செலவழித்ததைக் கூட்டினால் படகின் விலையையே தாண்டிவிடும். ஆனால் பழைய படகில் சாதனங்களுக்குத் தனி விலை கிடையாது. அவை இருப்பதால் படகு விரைவில் விலைபோகும், அவ்வளவுதான். ஆகவே பட்டியலில் பொருளின் விலையை எழுதாமல், எந்த ஆண்டு பொருத்தப்பட்டது, இப்போது வேலை செய்கிறதா என்பதை மட்டும் எழுதினேன். ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும், காலாவதியாகிவிட்ட தீப்பந்தங்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் குனிந்து பார்த்தது டிரெய்லரைத்தான். அதில் நியாயமும் இருக்கிறது. டிரெய்லர் நம்பகமாக இருந்தால், படகை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது, குளிர்காலத்தில் எங்கே வைப்பது, துறைமுகக் கட்டணம் எவ்வளவு என்ற கேள்விகள் எல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடுகின்றன. டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிக்கக் கூடியவை. பக்கவாட்டில் அச்சிட்டுள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டிவிடும். அதனால் விளம்பரத்துக்கு முன்பே டயர்களை மாற்றி, சக்கர பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் வைத்து, விளக்குகள் எரிகின்றனவா என்றும் பார்த்து வைத்திருந்தேன். விற்பனைக்காகச் செய்த செலவில் முழுப் பலன் தந்தது இது ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

இந்தப் படகின் உண்மையான சிக்கல் அதன் கீல், அதாவது படகு சாயாமல் இருக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த தகடு. 550 பவுண்டு எடையுள்ள வார்ப்பிரும்புக் கீல், ஒரு முளையில் தொங்கியபடி கம்பிவடத்தால் ஏறி இறங்கும். மேலே தூக்கிவிட்டால் இரண்டடித் தண்ணீரே போதும் என்பதால், சராசரி ஆழம் 11 அடியே உள்ள செயின்ட் கிளேருக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது அந்த முளையின் தேய்மானத்தையும் வடத்தின் வயதையும் பற்றித்தான். படகு டிரெய்லரில் இருக்கும்போதோ கீலை இறக்கிக் காட்ட வழியில்லை. அடிப்பகுதிக்கு வண்ணம் பூசுவதற்காகப் படகுப் பட்டறையில் பட்டைகள் போட்டுத் தூக்கியிருந்தபோது, முளையையும் புது வடத்தையும் அருகிலிருந்து எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன. பட்டறையின் ரசீதையும் அவற்றோடு வைத்துக் காட்டியபோது பேரம் பெரும்பாலும் அங்கேயே நின்றது. மேல்தளத்தைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தவர்களும் உண்டு. உள்ளிருக்கும் மரம் ஊறியிருந்தால் ஓசை மந்தமாகும். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேரில் வராமலே முழு விலைக்கும் காசோலை அனுப்புவதாகவும், தன் ஆள் வந்து படகை எடுத்துக்கொள்வார் என்றும் எழுதியவர்கள் இருந்தார்கள். விலைக்கு மேல் தொகை போட்டுக் காசோலை அனுப்பி, மீதியை அந்த ஆளிடம் கொடுக்கச் சொல்வது பழைய மோசடி. காசோலை போலி என்று வங்கி சொல்வதற்குள் நம் பணம் போயிருக்கும். அவர்களுக்குப் பதில் எழுதவில்லை. தண்ணீரில் ஓட்டிப் பார்க்க விரும்பியவர்களிடம், விலை பேசி முன்பணம் கொடுத்த பிறகே படகை இறக்குவேன் என்றேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதோடு விலகிக்கொண்டார்கள்.

கடைசியில் வாங்கியவர் மிச்சிகனின் வடபகுதியிலுள்ள டிராவர்ஸ் சிட்டிப் பக்கத்திலிருந்து வந்தார். 25 அடிப் பாய்மரத்தைத் தனியாளாக எப்படி நிமிர்த்துவது என்பதுதான் அவருடைய ஒரே தயக்கம். துணைக்கம்பத்தையும் கப்பியையும் பூட்டி, மேலே மின்கம்பி எதுவும் இல்லாத இடத்தில் ஒருமுறை நான் நிமிர்த்திக் காட்டினேன். பிறகு இறக்கி, அவரையே நிமிர்த்தச் சொன்னேன். 6,200 டாலர் சொல்லியிருந்தேன், 5,700க்கு முடிந்தது.

பணத்தை அவருடைய வங்கிக்கே போய், காசாளர் என் கண்ணெதிரே எழுதிய வங்கிக் காசோலையாகப் பெற்றுக்கொண்டேன். மிச்சிகனில் 20 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுக்கு உரிமைப் பத்திரம் உண்டு. அதிலுள்ள எண்ணைப் படகின் பின்பலகையில் வலப்பக்கம் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட அடையாளக் குறியீட்டோடு அவரையே ஒப்பிடச் சொன்னேன். வெறும் எடை 2,500 பவுண்டுக்குக் குறைந்த டிரெய்லருக்கு அத்தகைய பத்திரம் இல்லை. அதனால் படகு, டிரெய்லர், மோட்டார் மூன்றுக்கும் தனித்தனியே விலையும் வரிசை எண்ணும் குறித்த விற்பனைச் சீட்டுகள் எழுதிக் கையெழுத்திட்டோம். வாங்குகிறவர் கட்ட வேண்டிய 6 சதவீத வரியைக் குறைப்பதற்காகச் சீட்டில் தொகையைக் குறைத்து எழுத முடியுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியாது என்றேன், அவரும் வற்புறுத்தவில்லை.

வண்டிகளையும் படகுகளையும் பதிவு செய்யும் மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம். பெயர் மாறியதை நம் கண்ணால் பார்த்துவிட்டால், நாளை அந்தப் படகால் வரும் எதற்கும் நம்மைத் தேடி வர மாட்டார்கள். டிரெய்லர் நம்பர் பலகை மற்றவருக்கு மாற்றித் தரக் கூடியதன்று என்பதால் என்னுடையதைக் கழற்றிக்கொண்டேன். அவர் அங்கேயே புதியது பெற்றுப் பொருத்திக்கொண்டார். மறுநாள் காப்பீட்டை நிறுத்தச் சொல்லி எழுதினேன். அவருக்கு வேண்டாம் என்று விட்டுப்போன ஸ்பின்னேக்கர் என்ற, பின்காற்றில் விரிக்கும் பெரிய பாயை, இதே வகைப் படகு வைத்திருந்த இன்னொருவர் ஜூன் மாதத்தில் வாங்கிக்கொண்டார்.