சிவக்காத குழாய்

காரைக்குடியில் ஒரு சின்ன லேபில் 22 வருடமாக விந்துப் பரிசோதனை பார்க்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்தெல்லாம் ஆண்கள் காலையில் தனியாக வருவார்கள். டப்பா சட்டைக்குள் இருக்கும். உடம்புச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் என் கைக்கு வந்தாக வேண்டும்.

‘உயிரணு இல்லை’ என்று எழுதக் கை லேசில் வராது. சாம்பிளைச் சுழலவிட்டு அடியில் படிந்ததையும் பார்ப்பேன். இன்னொரு நாள் மறுபடி வாங்கிப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் எழுதுவது.

போன வருடம் ஒரு தம்பி வந்தார் (அடையாளத்தை மாற்றியே எழுதுகிறேன்). 1.4 மில்லியாவது இருக்க வேண்டிய சாம்பிள் அரை மில்லிதான் இருந்தது. உயிரணு ஒன்றுகூட இல்லை. ரிசார்சினால் என்ற ரசாயனம் கலந்து சோதனைக் குழாயைக் கொதிநீரில் வைத்தேன். பிரக்டோஸ் சர்க்கரை இருந்தால் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், சிவக்கவில்லை. அந்தச் சர்க்கரை விரையில் ஊறுவதல்ல, விந்துப்பையில் ஊறுவது. அப்படியென்றால் கோளாறு, விந்து வெளியே வரும் வழியில்.

யூராலஜி டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார். கம்பி மாதிரி உருள வேண்டிய விந்துக்குழாய் இரண்டு பக்கமும் பிறவியிலேயே இல்லை. அஞ்சு நிமிஷ வேலை. விரையிலிருந்து ஊசியால் உயிரணு எடுத்து இக்சி (ஒரே உயிரணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது) செய்யலாம். அதற்கு முன் கணவன் மனைவி இருவருக்கும் சி.எஃப்.டி.ஆர். ஜீன் டெஸ்ட் அவசியம். இருவரிடமும் அந்த ஜீனில் பழுது இருந்தால் பிள்ளைக்கு நுரையீரல் நோய் வரலாம். இப்படி விந்துக்குழாய் இல்லாதவர்களில் சிலருக்கு ஒரு பக்கச் சிறுநீரகமும் இருக்காது என்பதால் ஸ்கேனும் உண்டு.

இன்னொருவருக்குச் சோதனைக் குழாய் நன்றாகவே சிவந்தது, உயிரணுதான் இல்லை. டாக்டரிடம் 1 முதல் 25 மில்லி வரை அளவு குறித்த மணிமாலை ஒன்று உண்டு. அதை வைத்துப் பார்த்தால் விரை 4 மில்லியைத் தாண்டவில்லை. குரோமோசோம் 46-க்குப் பதில் 47, ஒரு எக்ஸ் கூடுதல். இதற்கு க்ளைன்ஃபெல்டர் என்று பெயர். ஆயிரம் ஆண்களில் ஒருவர் இருவருக்கு இருக்கிறது, பலர் தெரியாமலே வாழ்கிறார்கள். விரைக்குள் நுண்ணோக்கி வைத்துத் தேடினால் இவர்களிலும் கணிசமானவர்களுக்கு உயிரணு கிடைக்கிறது.

முதல் தம்பியின் மனைவி ரிப்போர்ட் வாங்க வந்தபோது கையில் மஞ்சப்பை இருந்தது. ஆறு வருடத்து ஸ்கேன், லேப்ராஸ்கோபி, ஊசிச் சீட்டுகள். எல்லாம் அந்தப் பெண்ணின் பெயரில். கணவர் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்ளும் (தத்தெடுக்கும்) பேச்சுவரை போயிருந்தது.

“அப்ப எனக்கு எதுக்குண்ணே அத்தனை ஊசி போட்டாக?” என்று கேட்டார்.

கையிலிருந்த தாளை மடித்துக் கொடுத்தேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.