இயக்க விதிகள்: அம்புக்குறி போடுமுன் யார் தள்ளுவது என்று கேளுங்கள்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் மற்றதெல்லாம் ஓரளவு ஓடுகிறது, இயக்க விதிகள் கணக்கு வந்தால் மட்டும் பேனா நின்றுவிடுகிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீட் எழுதி முடித்தவன் நான். இப்போது வில்லிவாக்கத்தில் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். விசை என்றால் நிறை பெருக்கல் முடுக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் அந்தப் பொருளின் மேல் என்னென்ன விசைகள் இருக்கின்றன என்று படம் போடச் சொன்னால் மனதுக்குத் தோன்றிய திசையிலெல்லாம் அம்புக்குறி பறக்கும்.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். ஒவ்வொரு அம்புக்குறிக்குப் பக்கத்திலும் அந்த விசையைக் கொடுப்பது யார் என்று எழுதுங்கள். பூமி, தரை, கயிறு, கை, இப்படி ஏதாவது ஒரு பெயர் வர வேண்டும். பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்த அம்புக்குறியை அழித்துவிடுங்கள்.

29சி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள், டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார், எல்லோரும் முன்னால் சாய்கிறீர்கள். முன்னால் தள்ளியது யார் என்று கேட்டால் பாதிப் பேர் 'நிலைமம்' என்பார்கள். நிலைமம் யாரையும் தள்ளாது, அது பொருளின் ஒரு பண்பு. உண்மையில் அங்கே கிடைமட்டமாக இருப்பது பஸ்ஸின் தரை உங்கள் காலைப் பின்னால் இழுக்கும் உராய்வு மட்டும்தான். கால் வேகம் குறைகிறது, மேல் உடம்பு பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது, அவ்வளவுதான். (ஓடுகிற பொருளை யாரோ தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை கலிலியோ காலம் வரை ஏறத்தாழ 2000 வருடம் பெரும்பாலானவர்கள் நம்பினார்கள், அதனால் உங்களுக்கும் அப்படித் தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.)

அடுத்தது உராய்வு, மதிப்பெண் அதிகம் போகும் இடம். 10 கிலோ பெட்டி தரையில் இருக்கிறது, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4. கிடைமட்டமாக 30 நியூட்டன் விசையால் தள்ளுகிறீர்கள், உராய்வு எவ்வளவு? 0.5 என்ற குணகத்தை, தரை பெட்டியை மேல்நோக்கித் தாங்கும் செங்குத்து விசை 100 நியூட்டனோடு (புவியீர்ப்பு முடுக்கத்தை இங்கே எல்லாக் கணக்கிலும் 10 மீ/வி² என்று எடுக்கிறேன்) பெருக்கி 50 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். 50 என்பது உராய்வு போகக்கூடிய உச்சம். பெட்டி நகராதவரை நீங்கள் எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவுதான் அது எதிர்க்கும், ஆகவே விடை 30. அதே பெட்டியை 60 நியூட்டனால் தள்ளினால் உச்சத்தைத் தாண்டிவிட்டது, பெட்டி நகரும், இனி 0.4 வேலைக்கு வரும்: உராய்வு 40, மிச்சம் 20, முடுக்கம் 2 மீ/வி². உராய்வு என்ற சொல் கண்ணில் பட்டதும் முதலில் பொருள் நகருமா நகராதா என்று பார்த்துவிடுங்கள்.

லிஃப்ட் கணக்கும் இதே கதைதான். 60 கிலோ ஆள், லிஃப்ட் மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கத்தோடு கிளம்பினால் தரை கொடுக்கும் செங்குத்து விசை 720 நியூட்டன், சீரான வேகத்தில் போகும்போது 600, மேலே போய் நிற்பதற்காக அதே அளவில் வேகம் குறையும்போது 480. மூன்று நேரமும் லிஃப்ட் மேலேதான் போகிறது. முடுக்கத்தின் திசையைப் பார்க்க வேண்டும், போகிற திசையைப் பார்த்தால் மூன்றாவது தப்பாகும்.

நியூட்டனின் மூன்றாம் விதியில் (ஒரு பொருள் இன்னொன்றைத் தள்ளினால் அதுவும் அதே அளவு திருப்பித் தள்ளும்) ஒன்றே ஒன்று: எடையும் செங்குத்து விசையும் அந்த விதி சொல்லும் விசை-எதிர்விசை ஜோடி இல்லை. இரண்டும் ஒரே பொருளின் மேல் இருக்கின்றன, ஜோடி என்றால் இரண்டு பொருள் வேண்டும்.

படிக்கும் முறையைப் பற்றிக் கேட்டால், வீடியோவைக் குறையுங்கள். பத்து கணக்கைப் பார்ப்பதைவிட ஒரே கணக்கில் எண்ணையும் திசையையும் மாற்றி மாற்றி நீங்களே போட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல். வீட்டில் டிவி சத்தம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் எடுத்துப்போய்ப் படிக்கத் தனி இடம் இருக்கிறது. தமிழில் நீட் எழுதுபவர்கள் கேள்வி குழப்பினால் பக்கத்திலேயே இருக்கும் ஆங்கில வரியையும் ஒரு பார்வை பாருங்கள், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் அதுதான் செல்லும். தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, இன்றைக்கு ஒரு கணக்கு. உராய்வில்லாத தரையில் 2 கிலோ, 3 கிலோ பெட்டிகள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கின்றன. 2 கிலோ பக்கமிருந்து 20 நியூட்டனால் தள்ளினால் பெட்டிகளுக்கு நடுவே 12 நியூட்டன், 3 கிலோ பக்கமிருந்து தள்ளினால் 8. முடுக்கம் இரண்டு தடவையும் 4 மீ/வி²தான், அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இரண்டு பெட்டிக்கும் தனித்தனியாகப் படம் போட்டுப் பாருங்கள்.