யார் பேரில் இருக்கிறது?

"தம்பி, காசு கட்டினது நான். அது எப்படி அவன் பேர்ல இருக்கும்?"

பாத்திரக்கடை அண்ணாச்சி இன்று மதியம் கேட்டது இது. பில் புக், துணிப்பை, கடை போர்டு எல்லாவற்றிலும் கடை வெப்சைட்டின் டாட் காம் முகவரியை அச்சடித்திருக்கிறார். அந்த முகவரியின், அதாவது டொமைனின், பதிவிலோ வெப்சைட் செய்து கொடுத்த பையனின் பெயர், அவன் மின்னஞ்சல். பையன் இப்போது துபாயில். போனை எடுப்பதில்லை.

வெப்சைட் கோப்புகளை வைக்கும் ஹோஸ்டிங் கணக்கு நல்லவேளையாக அண்ணாச்சி பேரில். புதுப் பக்கங்களை, கோப்புகளை சர்வருக்கு ஏற்றும் ஃபைல்ஸில்லாவில் இழுத்துப் போட்டேன், ஏறிவிட்டது. குத்துவிளக்குப் படம் மட்டும் தெரியவில்லை. கோப்பின் பெயரில் ஜேபிஜி பெரிய எழுத்து, பக்கத்துக்குள் சின்ன எழுத்து. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. மாற்றியதும் விளக்கு வந்துவிட்டது.

டொமைன் அப்படி இல்லை.

அதை யாரும் சொந்தமாக வாங்குவதே இல்லை, வாடகைதான். டாட் காம் என்றால் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டு. காலாவதியாகி நீக்கத்துக்குப் போனால் 30 நாள் மீட்புக் காலம் (அதற்குத் தண்டம் தனி!), அப்புறம் நீக்கம் முடிய 5 நாள். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். புதுப்பிக்கச் சொல்லும் கடிதமெல்லாம் போவது பதிவில் இருக்கும் மின்னஞ்சலுக்கு. அதாவது துபாய்க்கு.

ஜிஎஸ்டி சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார் அண்ணாச்சி. டொமைன் ரசீது கேட்டேன். வாட்ஸ்அப்பில் தேடி எடுத்துக் காட்டினார்: 'முடிச்சாச்சு அண்ணாச்சி'. அவ்வளவுதான் ரசீது.