பள்ளிக்கூட விளக்கு வாங்கும் முன் கழுத்தை அளந்துவிடுங்கள்

பால் நிறக் கண்ணாடிக் குளோப் ஒன்று, அதன் கழுத்தைப் பிடித்திருக்கும் பித்தளைக் கிண்ணம், கிண்ணத்தைச் சுற்றி மூன்று திருகு. பள்ளிக்கூட விளக்கு இவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் தொங்கியதால் இந்தப் பெயர்; அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும்கூட இதேதான் இருந்தது. 1913-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இர்விங் லாங்மியூர் வாயு நிரப்பிய டங்ஸ்டன் பல்பை உருவாக்கினார். வெளிச்சம் கூடியது, கூடவே கண்கூச்சமும். இழை நேராகக் கண்ணில் படாமல் மறைக்கத்தான் பால் கண்ணாடி.

வாங்குகிறவர்கள் குளோபின் வடிவத்தையும் பித்தளையின் நிறத்தையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பிரச்சினை எல்லாம் கழுத்தில்தான் தொடங்கும்.

பழைய குளோபும் கிண்ணமும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் கைக்கு வரும். கிண்ணத்துக்கு ஃபிட்டர் என்று பெயர். 2¼, 3¼, 4, 6 அங்குலம் என்று சொல்வதெல்லாம் ஃபிட்டரின் அளவு. குளோபின் கழுத்து விளிம்பு அதைவிட ஏறக்குறைய ⅛ அங்குலம் சிறியதாக இருக்கும். விளிம்பை அளந்து 3⅞ வந்தால் 4 அங்குல ஃபிட்டர் தேட வேண்டும். அளக்க வேண்டியது விளிம்பின் வெளிவிட்டம். அதற்குக் கீழே குறுகும் இடத்தை அளந்துவிட்டு, வந்த கிண்ணம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. பழைய கழுத்து சரியான வட்டமாகவும் இராது. இரண்டு மூன்று திசையில் அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் கவலை வேண்டாம், கிண்ணத்துக்குள் மறைந்துவிடும். விரிசல் அப்படியல்ல, சூட்டில் நீளும். குளோபைத் துணியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள்: நல்லது கணீர் என்னும், விரிசல் விட்டது டொக்கென்று அடங்கும். கூடவே விளிம்பின் வெட்டுமுகத்தையும் பாருங்கள். தெளிந்த கண்ணாடியோடு ஒட்டி வெள்ளைப் படலம் தெரிந்தால் அது அடுக்குக் கண்ணாடி. விளக்கைப் போட்டால் குளோப் முழுக்க ஒரே சீராக ஒளிரும். சாதாரணக் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை பூசியது மலிவு, ஆனால் நடுவில் பல்பு பொட்டாகத் தெரியும். கழுவக் கழுவப் பூச்சும் உரியும்.

இனி அந்த மூன்று திருகு. ஒன்றை மட்டும் முழுக்கப் பின்னால் இழுத்துவிட்டு, குளோபைச் சாய்த்து விளிம்பை மற்ற இரண்டு திருகுகளின் மேல் உட்கார வையுங்கள். நிமிர்த்தியதும் மூன்றாவதை உள்ளே தள்ளுங்கள். மூன்றையும் சிறிது சிறிதாக, மாறி மாறி, விரலால் மட்டும் திருக வேண்டும். இடுக்கி பக்கமே போகக் கூடாது. கண்ணாடியில் தொட்டதும் நிறுத்தி, ஒவ்வொன்றையும் கால் சுற்று பின்னால் விடுங்கள். லேசாக ஆட்டினால் குளோப் கொஞ்சம் அசைய வேண்டும். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து இறுக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. எரியும்போது கண்ணாடி சூடாகி விரிய இடம் வேண்டும். இல்லாவிட்டால் திருகு அழுத்தும் புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பி, ஒரு நாள் குளோப் கழுத்தோடு கழன்று விழும். குளோபைத் தாங்குவது திருகின் இறுக்கம் அல்ல, திருகுமேல் உட்கார்ந்திருக்கும் விளிம்பு. அதனால் மூன்று திருகு முனையும் விளிம்புக்குக் கீழே நிற்கிறதா என்று ஏணியில் நின்றே சுற்றிலும் பார்த்துவிடுங்கள்.

மூடிய குளோப் என்றால் சூடு வெளியேறாது. எல்இடி பல்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்கு இது ஆகாது; பல வருடம் வர வேண்டிய பல்பு சில மாதங்களிலேயே மினுக்க ஆரம்பிக்கும். மூடிய விளக்குக்கு ஏற்றது என்று உறையில் குறிப்பிட்டிருக்கும் பல்பையே வாங்குங்கள். கீழ்ப்பாதி வெள்ளைப் பிளாஸ்டிக், மேல்பாதி கனத்த உடல் என்றிருக்கும் பல்பு ஒளியைக் கீழே மட்டும் தள்ளும்; குளோபின் தோள் இருண்டு, அழுக்குப் படிந்தது போலத் தெரியும். இழை போன்ற ஃபிலமென்ட் எல்இடி எல்லாப் பக்கமும் ஒளி விடும், இந்த விளக்குக்கு அதுதான் பொருத்தம். ஒளியின் நிறம் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை; பொருள்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் நிறக் குறியீடு (CRI) 90 அல்லது அதற்கு மேல். 6500 கெல்வின் பல்பைப் போட்டால் பால் கண்ணாடி நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரி வராந்தா ஆகிவிடும். பல்பு குளோபின் நடுவயிற்றில் நிற்க வேண்டும். கழுத்துக்கு அருகிலேயே நின்றுவிட்டால், ஹோல்டரைச் சற்றுக் கீழே இறக்கும் நீட்டிப்பு போடலாம்.

நடைவழிக்கு 8 அங்குலக் குளோப் போதும், சாதாரண அறைக்கு 10 முதல் 12. அறையின் நீள அகலத்தை அடியில் கூட்டி அதையே அங்குலமாக எடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. அது சரவிளக்குக்குச் சரி, இதற்கு மிக அதிகம். முழுக்க ஒளிரும் உருண்டை அளவைவிடப் பெரிதாகவே கண்ணில் படும். சாப்பாட்டு மேசைக்கு மேலே என்றால் குளோபின் அடிக்கும் மேசைக்கும் நடுவே 30 முதல் 36 அங்குலம் விடுங்கள். ஆட்கள் நடக்கும் இடத்தில் தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த ஒளி அறை முழுக்கப் பரவும், ஓரிடத்தில் குவியாது, அதனால் காய் நறுக்கவோ ஊசியில் நூல் கோக்கவோ தனியாக ஒரு விளக்கு தேவைப்படும்.

பழைய கிண்ணத்தில் துணி சுற்றிய ரப்பர் வயர் இருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றி எறியுங்கள். வளைத்தாலே உள்ளே ரப்பர் பொடியாக உதிரும். ஹோல்டரையும் மாற்றுங்கள். ஹோல்டரின் நடுப்புள்ளிக்கு ஃபேஸ் வயர், மரையுள்ள உலோக ஓட்டுக்கு நியூட்ரல் வயர். மாற்றிக் கொடுத்தாலும் விளக்கு எரியும், அதனால்தான் தவறு தெரியாது; பல்பு மாற்றும்போது மரையில் விரல் பட்டால் ஷாக் அடிக்கும். பித்தளை உடலுக்கு எர்த் கட்டாயம், பழையதில் அது இருக்கவே இருக்காது. சங்கிலியில் தொங்கவிட்டால் எடையைச் சங்கிலிதான் தாங்க வேண்டும், வயர் தொய்வாகவே இருக்கட்டும். பெரிய குளோபும் பித்தளையும் சேர்ந்தால் கனம் அதிகம். பூச்சில் அடித்த பிளாஸ்டிக் பிளக் தாங்காது, கான்கிரீட்டிலோ மரச் சட்டத்திலோ பிடிமானம் வேண்டும். வயரிங்கில் கை பழகாதவர்கள் இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கழுத்து இடைவெளி வழியாகப் பூச்சிகள் உள்ளே போகும். அடியில் கறுப்பாக ஒரு நிழல் சேர்ந்தால் இறக்க வேண்டிய நேரம். மெயினை அணைத்து, குளோப் முழுக்க ஆறிய பிறகு கழற்றி, தொட்டியில் துண்டு விரித்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். வெளியே வண்ண வளையங்கள் தீட்டிய குளோப் என்றால் நார் போட்டுத் தேய்க்காதீர்கள். சூளையில் சுட்ட வண்ணம் தாங்கும், பிற்காலத்தில் மேலே தீட்டியது நாரோடு வந்துவிடும். எது என்று தெரியாவிட்டால், ஈரப் பஞ்சால் வளையத்தின் ஓரத்தில் ஒரு சிறு இடத்தைத் துடைத்துப் பஞ்சில் நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள்.